மேடையில் அழவைத்த ஆட்டம் கேமராவில் ஏன் உயிரில்லாமல் போகிறது?

திண்டுக்கல் கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். 15 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கதை சின்னதுதான். சொத்துத் தகராறில் அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். ஊர்க் கோயில் திருவிழாவில் தங்கையின் பரதநாட்டியம். அண்ணன் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறான். வசனமே கிடையாது. ஆட்டம் முடிவதற்குள் அவன் மனசு இளகிவிட்டது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆடுவது என் சித்தி மகள். நன்றாக ஆடக்கூடியவள். ஒத்திகையில் நேரில் பார்த்தபோது சவுண்டு பார்க்கும் பையன்கூட மூக்கை உறிஞ்சினான். அதையே இரண்டு கேமரா வைத்து எடுத்து, எடிட் செய்து போட்டுப் பார்த்தால் பள்ளி ஆண்டுவிழா வீடியோ மாதிரி இருக்கிறது. கை அசைகிறது, கால் அசைகிறது, முகம் அழுகிறது, பார்க்கிற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பீட்டுக்குச் சரியாகத்தான் கட் பண்ணியிருக்கிறேன். க்ளோசப்பும் நிறைய வைத்திருக்கிறேன். எங்கே கோளாறு?

ரீல்பெட்டி:

க்ளோசப் நிறைய வைத்ததுதான் கோளாறு. ஆடுகிறவரைத் தலையிலிருந்து கால் வரை காட்டுங்கள். நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் 1930களிலேயே ஹாலிவுட்டில் இதற்காக அடம்பிடித்தவர். முழு உடம்பும் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும், முடிந்த அளவு வெட்டாமல் ஓட வேண்டும் என்பார். அந்தப் பாடல்களை இன்றைக்குப் பார்த்தாலும் சலிப்பதில்லை. நம் ஆட்களுக்குத்தான் ஒரு நொடிக்கு மேல் ஷாட் நின்றால் கை நடுங்குகிறது.

மாடிவீட்டு டீச்சர்:

தம்பி, ரீல்பெட்டி சார் சொல்வதில் பாதிதான் சரி. அஸ்டேர் ஆடியதில் உணர்ச்சி மொத்தமும் உடம்பில் இருந்தது. பரதத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. லாங் ஷாட்டிலேயே நிறுத்தினால் கண் தெரியாது. கண் தெரியாவிட்டால் அபிநயமே, அதாவது முகத்தாலும் கையாலும் உணர்ச்சியைச் சொல்வதே, கிடையாது.

நான் கோடம்பாக்கத்தில் குரூப் டான்ஸராக இருந்து, அப்புறம் ஒரு மாஸ்டரிடம் அசிஸ்டென்ட்டாக வேலை பார்த்தவள். இப்போது வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அரங்கேற்றத்துக்கு வருகிற பிள்ளைக்கு அபிநய தர்ப்பணம் என்கிற பழைய நடன நூலில் இருக்கிற ஒன்றைத்தான் முதலில் சொல்வோம். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம், மனம் போனால் பாவம் (ஆடுபவர் காட்டும் உணர்ச்சி), பாவம் வந்தால் ரசம் (பார்ப்பவர் மனசில் எழும் சுவை). இது ஒரு சங்கிலி. நீங்கள் க்ளோசப் வைத்தவுடன் கை ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். அந்தப் பெண் தன் கையைப் பார்த்துத்தான் அழுகிறாள். நாம் கையைப் பார்க்கவில்லை, சும்மா அழுகிற ஒரு முகத்தைப் பார்க்கிறோம். அப்புறம் கைக்கு ஒரு ஷாட் வைத்திருப்பீர்கள், அதில் முகம் இருக்காது. சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கழற்றிவிட்டு ரசம் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதை நம் பழைய ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளில் 'மறைந்திருந்து பார்க்கும்' பாட்டைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம் (சிவாஜி) வீறாப்பாகச் சதிர் (பரதத்தின் பழைய பெயர்) பார்க்க மாட்டேன் என்றவர். யாருக்கும் தெரியாமல் வந்து ஒளிந்து நின்று பார்க்கிறார். ஆடுகிற மோகனா (பத்மினி) அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். சபைக்கு அது முருகன் மேல் பாட்டு, அவளுக்கோ எதிரே ஒளிந்திருக்கிற சண்முகத்தின் மேல் பாட்டு. ராகமும் சண்முகப்ரியா. கே.வி. மகாதேவன் இதை யோசிக்காமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

மேடையில் பதம் என்கிற அபிநயப் பாட்டு ஆடும்போது ஒரு வரியைப் பாடகர் பத்துத் தடவைகூடப் பாடுவார். ஆடுகிறவள் ஒவ்வொரு தடவையும் வேறு பாவத்தில் பிடிப்பாள். முதலில் கேலி, அடுத்தது கோபம், அப்புறம் கெஞ்சல். சஞ்சாரி விரிவது அப்படித்தான். சினிமாப் பாட்டில் ஒரு வரி இரண்டு தடவை வந்தாலே அதிகம். விரிக்க நேரம் ஏது? அந்த வேலையைப் படத்தில் சிவாஜியின் முகம் செய்கிறது. பத்மினி ஒரு வரியை ஆடுகிறார், கட், மறைவில் நிற்கிற சிவாஜி. 'அட, நம்மைப் பார்த்துவிட்டாளா' என்று ஒரு திகைப்பு. மறுபடி பத்மினி. இப்போது அதே பார்வைக்கு அர்த்தம் வேறு, ஏனென்றால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து சினிமாவில் சஞ்சாரி என்பது அந்தக் கட்தான். ஆடுகிறவர் தனியாகச் செய்வதில்லை.

உங்கள் எடிட்டில் அண்ணன் எத்தனை தடவை வருகிறான்? முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று, பீட்டுக்குக் கட் பண்ணியது. குத்துப்பாட்டுக்கு அது சரி. அபிநயத்தில் ஆடுபவரின் பார்வை எங்கே திரும்பி முடிகிறதோ அங்கே வெட்டுங்கள். அவள் கண் அண்ணன் இருக்கும் பக்கம் போய் நிற்கட்டும், கால் நொடி பொறுங்கள், அப்புறம் அவனைக் காட்டுங்கள். தாளம் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை.

ஸ்பாட்டில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு பாட்டை முழுசாக ஆடியதே கிடையாது. நாக்ரா என்கிற டேப் ரெக்கார்டரில் இரண்டு வரி ஓடும், மாஸ்டர் 'ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்' கொடுப்பார், இரண்டு வரி ஆடுவோம், கட். லைட் மாற்ற ஒரு மணி நேரம். திரும்பி வந்து அதே கண்ணீரை அதே அளவில் கொண்டுவர வேண்டும். ஒரு படத்தில் கதாநாயகி பிரிவுத் துயரத்தில் ஆடுகிற பாட்டு. காலையில் கடைசிச் சரணம், சாயங்காலம் பல்லவி எடுத்தார்கள். மூக்கு சிவந்து வீங்கிய முகம் பாட்டின் தொடக்கத்திலும், பவுடர் போட்ட புது முகம் கடைசியிலும் வந்து நின்றது. எடிட்டர் பாவம், நடுவில் கடல் அலையைப் போட்டு ஒப்பேற்றினார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆட்டத்தை முழுசாக, முதலிலிருந்து கடைசி வரை, மூன்று தடவை ஆடவையுங்கள். ஒன்று முழு உருவம், ஒன்று இடுப்புக்கு மேலே (கையும் முகமும் சேர்ந்து விழ வேண்டும்), ஒன்று முகம். முகத்தை அளவாக எடுத்துக்கொள்ளுங்கள், ஊறுகாய் மாதிரி.

முழு உருவத்துக்கு கேமராவை அவள் இடுப்பு உயரத்தில் வையுங்கள். நின்றுகொண்டு கண் உயரத்தில் பிடித்தால் அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடித்து நிற்கும் நிலை) தெரியாது, கால் குட்டையாகி உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். போனில் எடுப்பதானால் வைட் லென்ஸைத் தொடவே தொடாதீர்கள். முன்னால் நீட்டிய கை பூசணிக்காய் ஆகிவிடும்.

மெரினா மௌனி:

டீச்சர் அம்மா, அருமை. ஒரு சந்தேகம். எதிரே பார்க்கிற ஆள் இல்லாத ஆட்டம் எப்படி வேலை செய்கிறது? 1976இல் சத்யஜித் ராய் பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்று ஆவணப்படம் எடுத்தார். அதில் கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுவார். காற்று சேலையை இழுத்துக்கொண்டே இருக்கும். சபை இல்லை, ரியாக்‌ஷன் ஷாட் இல்லை. எனக்கு அது பிடிக்கும்.

மாடிவீட்டு டீச்சர்:

எனக்கும் பிடிக்கும், ஆனால் அதே படத்தில் அவர் உள்ளே வர்ணம் என்கிற நீண்ட உருப்படியை ஆடுகிற பகுதிதான் உசத்தி என்பேன். கடற்கரையில் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. உள்ளே ராய் கேமராவைச் சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய கலைஞரிடம் அதுவே போதும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போதாது தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆள் இல்லாமல் ஆடினாலும் எதிரே ஏதாவது ஒன்று வேண்டும். சலங்கை ஒலியில் கமல் குடித்துவிட்டு மழையில் கிணற்று விளிம்பில் ஆடுவாரே, அங்கே கிணறுதான் எதிராளி. அடவு (ஆட்டத்தின் அடிப்படை அசைவு) பிசகவில்லை, உடம்புதான் தள்ளாடுகிறது. வித்தை மிச்சம் இருக்கிறது, மனுஷன் மிச்சம் இல்லை என்பதை ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுகிறார்கள். கே. விஸ்வநாத் அதோடு விடவில்லை. ஜெயப்பிரதாவின் நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்துவிடும் என்று கமல் கையைக் குடை மாதிரி பிடிப்பார். அவளுக்குப் புருஷன் இல்லை என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தக் கை எந்த முத்திரையும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இத்தனை நேரம் அந்தக் கை ஆடியதைப் பார்த்திருக்கிறோம், அதனால் சும்மா கையாகத் தெரிவதில்லை. என் மாணவிகளுக்கு இதை அடிக்கடி போட்டுக் காட்டுவேன்.

ரீல்பெட்டி:

எல்லாம் சரி, கதையையே நகர்த்துகிற ஆட்டத்தை விட்டுவிட்டீர்களே. 1948 சந்திரலேகா. டி.ஆர். ராஜகுமாரி வில்லனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிற மாதிரி நடித்து முரசு நடனம் வைக்கிறார். ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் குதித்து வெளியே வந்து சண்டையைத் தொடங்குகிறார்கள். ஆட்டத்தை எடுத்துவிட்டால் படமே முடியாது. எஸ்.எஸ். வாசன் அன்றைக்கே செய்துவிட்டார்.

மாடிவீட்டு டீச்சர்:

மறுக்கவில்லை சார். ஆனால் அந்தப் பாட்டில் எந்த முகமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு முரசுதான் ஞாபகம் இருக்கிறது. பிரமாதமான காட்சி, மனசைத் தொடுகிற ஆட்டம் இல்லை. இந்தத் தம்பி கேட்டது இரண்டாவதை.

உடம்பால் மட்டுமே மனசைச் சொன்னதற்கு உதாரணம் வேண்டுமானால் மின்சார கனவில் 'வெண்ணிலவே' பாருங்கள். இன்னொருத்தனுக்காக அந்தப் பெண் மனசை மாற்ற வந்தவன், தானே விழுந்துவிட்டான், வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. பிரபுதேவா அதில் வித்தை காட்டவே இல்லை. காட்டக்கூடியவர் அடக்கிக்கொண்டு ஆடுகிறார், அந்த அடக்கம்தான் கதை. நடன அமைப்புக்கு அவருக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம் அது.

மெரினா மௌனி:

அதில் பாதி ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுக்குப் போக வேண்டிய புகழ் என்பது என் கட்சி. இதற்குத் தனித் திரி போடலாம் 😀

திண்டுக்கல் கேமரா:

டீச்சர் அம்மா, எடிட்டைத் திறந்து பார்த்தேன். அண்ணன் இரண்டே இடத்தில்தான் வருகிறான், நீங்கள் சொன்ன அதே இடங்கள். வரும் ஞாயிறு திரும்ப எடுக்கலாம் என்று இருக்கிறோம். அண்ணனாக நடிப்பவர் புதுசு. அவர் முகத்தில் படிப்படியாக மாற்றம் கொண்டுவருவது எப்படி?

மாடிவீட்டு டீச்சர்:

மாற்றம் கொண்டுவரச் சொல்லாதீர்கள், மூஞ்சியைக் கோணுவார். அவரை ஒத்திகைக்கே அழைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். கேமரா ஒன்றை அவர் மேல் மட்டும் வைத்து, அவள் முழுசாக ஆடும்போது நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தங்கையிடம் மட்டும் தனியாக, ஒரு வரிக்கு அவரை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரி என்று அவளே முடிவு செய்யட்டும்.