பிஓஎம்சி மரபணு: ஆர்என்ஏ எல்லாத் திசுவிலும் வருகிறது, புரதம் மட்டும் வரவில்லை. உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மனிதத் திசு ஆர்என்ஏ தொகுப்பில் ஓபியாய்டு பெப்டைடு மரபணுக்களைக் க்யூபிசிஆரில் (ஆர்என்ஏயை டிஎன்ஏவாக்கிப் பெருக்கி அளக்கும் முறை) ஒப்பிடுகிறேன். பிட்யூட்டரியில் பிஓஎம்சி (ஏசிடிஎச் ஹார்மோன், பீட்டா எண்டார்பின் ஆகியவற்றின் முன்னோடிப் புரதத்துக்கான மரபணு) மிக அதிகம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் விரை, அட்ரினல், தைமஸ், வெள்ளையணு எல்லாவற்றிலும் குறைந்த அளவில் வருகிறது. அதே திசுக்களில் பீட்டா எண்டார்பின் அளந்தால் ஒன்றுமே இல்லை. பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டும் எக்ஸான் 3-க்குள் (எக்ஸான்: மரபணுவில் இறுதி ஆர்என்ஏவில் தங்கும் பகுதி) இருக்கின்றன. எங்கே பார்ப்பது?

பதில் 1:
முதலில் ஆர்டி (ஆர்என்ஏயை டிஎன்ஏவாக மாற்றும் நொதி) சேர்க்காத கன்ட்ரோல் ஓட்டுங்கள். ஒரே எக்ஸானுக்குள் பிரைமர் இருந்தால் மிச்சமிருக்கும் ஜீனோமிக் டிஎன்ஏவும் அதே நீளத்தில் பெருகும், மெல்ட் கர்வில் (பெருகிய டிஎன்ஏ உருகும் வெப்பநிலை வரைபடம்) வித்தியாசம் தெரியாது. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டீர்களா?

கேட்டவர்:
போட்டேன். அந்தக் கன்ட்ரோல் சுத்தமாக இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் சிக்னல் உண்மையானதுதான், ஆனால் நீங்கள் நினைக்கும் ஆர்என்ஏ அல்ல. பிட்யூட்டரியில் உருவாவது மூன்று எக்ஸானும் உள்ள, ஏறத்தாழ 1,200 நியூக்ளியோடைடு நீளமுள்ள படி (மரபணுவின் ஆர்என்ஏ நகல்). வெளித் திசுக்கள் பலவற்றில் எக்ஸான் 3-க்குள்ளேயே படியெடுப்பு தொடங்கி, சுமார் 800 நீளத்தில் ஒரு குட்டைப் படி வருகிறது. ஏசிடிஎச், பீட்டா எண்டார்பின் இரண்டின் வரிசையும் அதில் இருக்கும். ஆனால் புரதத் தொகுப்பின் தொடக்கக் கோடானும் சிக்னல் பெப்டைடும் எக்ஸான் 2-இல். குட்டைப் படியில் அது இல்லாததால் புரதம் சுரப்புப் பாதைக்குள் நுழையாது, நொதிகள் வெட்டி எண்டார்பின் ஆக்கவும் முடியாது. உங்கள் இரண்டு முடிவுகளும் சேர்ந்தே சரியாக இருக்கின்றன!

ஃபார்வர்டு பிரைமரை எக்ஸான் 2-இல் வையுங்கள், ரிவர்ஸ் எக்ஸான் 3-இல். குட்டைப் படியின் தொடக்க இடம் வேண்டுமென்றால் 5' ரேஸ் (ஆர்என்ஏவின் தொடக்க முனையைக் கண்டறியும் முறை) செய்யுங்கள். ஜிடெக்ஸில் (மனிதத் திசுக்களின் ஆர்என்ஏ தரவுத்தளம்) பார்ப்பதானாலும் முழு மரபணுவுக்கும் சேர்த்துத் தரும் டிபிஎம் (ஆர்என்ஏ அளவு எண்) மதிப்பை நம்பாதீர்கள், எக்ஸான் இணைப்புகளைத் திறந்து பாருங்கள்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. வெளித் திசு என்றாலே குட்டைப் படிதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தோல் செல்களில் முழுப் படியும் கண்டிருக்கிறார்கள். என்கெபலின் என்ற ஓபியாய்டு பெப்டைடுக்கான பென்க் மரபணுவுக்கு இந்த விதியே பொருந்தாது: அட்ரினல் மெடுல்லாவில் அது உண்மையாகவே என்கெபலின் தருகிறது. எலிகளின் விந்தணு உருவாகும் செல்களில் பென்கின் வேறு புரோமோட்டரிலிருந்து (படியெடுப்பைத் தொடங்கும் பகுதி) மூளையில் உள்ளதைவிட நீளமான படி வருகிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாகப் பிரைமர் யோசியுங்கள்.

கேட்டவர்:
எக்ஸான் 2–3 பிரைமரில் பிட்யூட்டரி அப்படியே நிற்கிறது. விரையிலும் தைமஸிலும் சிடி (சிக்னல் தெரியத் தொடங்கும் சுழற்சி எண்) வெகுவாகத் தள்ளிப்போய்விட்டது, அதாவது முழுப் படி மிகக் குறைவு. மிக்க நன்றி!

பதில் 2:
மகிழ்ச்சி. வரைபடத்தில் இரண்டு பிரைமர் ஜோடிகளின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பழைய நெடுவரிசைக்கு 'பிஓஎம்சி' என்று மட்டும் எழுதாமல் 'எக்ஸான் 3' என்றே பெயரிடுங்கள்.