மேலே தவறு, கீழே சிக்கு: பழைய தையல் இயந்திரங்களில் நூல் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

(ஒவ்வொரு பதிவின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நூல்கண்டு

மூன்று நாள்கள் பாபின் கேஸின் (அடிநூல் சுற்றிய சிறு உருளையை வைக்கும் கூட்டின்) திருகையே திருகிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது. இயந்திரம் அம்மாவுடையது, சிங்கர் 15 வகையைச் சேர்ந்த கறுப்பு மிதி இயந்திரம். தைக்கும்போது மேற்பக்கத்தில் தையல் ஒழுங்காகத்தான் தெரிந்தது. துணியைத் திருப்பினால், வாரப்படாத தலைமுடி போல அடியில் நூல் குவிந்து கிடந்தது. சிக்கு அடியில் இருப்பதால் குற்றமும் அடியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, அந்தச் சின்னத் திருகைக் கால் சுற்று இறுக்கினேன், பிறகு அரைச் சுற்று இறுக்கினேன், பிறகு தளர்த்தினேன்; எத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் இரவு, துணியை அழுத்தும் பாதம் இறக்கப்பட்டிருந்த நிலையில், ஏதோ ஒரு நினைவில் ஊசிக்குப் பக்கத்தில் மேல்நூலைப் பிடித்து இழுத்தேன். தடையே இல்லாமல் நூல் வந்துகொண்டே இருந்தது. விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான், நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு டென்ஷன் வட்டுகளுக்கு நடுவே நுழையாமல் அவற்றின் விளிம்பின் மேல் படுத்திருந்தது தெரிந்தது. பாதம் கீழே இருந்தால் வட்டுகள் இறுகி மூடியிருக்கும். பாதத்தைத் தூக்கினால்தான் அவை விலகி நூலுக்கு வழிவிடும். நான் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருந்தேன். பாதத்தைத் தூக்கி மறுபடியும் கோத்து, பாதத்தை இறக்கி இழுத்துப் பார்த்தபோது, நூல் வருவதற்கு முன் ஊசியே இலேசாக வளைந்தது. அதன் பிறகு ஒரு சிக்குகூட விழவில்லை. அடியில் நூல் குவிந்தால் குற்றம் மேலேதான் இருக்கும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆனால் எனக்கு உறுத்துவது அதுவன்று. அந்தப் பாபின் கேஸின் திருகு, அம்மா தன் கையால் வைத்துவிட்டுப் போன அளவில் இருந்தது. அது எந்த அளவு என்று இப்போது எனக்குத் தெரியாது.

எண்ணெய்க்குப்பி

என்னுடையது நூல் குவிந்த கதையன்று, இயந்திரமே இறுகிப்போன கதை. திரைச்சீலையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது, ‘கடக்’ என்ற ஓசையுடன் கைச்சக்கரம் நின்றுவிட்டது. முன்னும் நகரவில்லை, பின்னும் நகரவில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய குமிழைத் தளர்த்திப் பார்த்தேன்; சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றது, ஊசி அசையவில்லை. அப்படியானால் இறுக்கம் சக்கரத்திலோ பாபின் சுற்றும் பகுதியிலோ இல்லை, உள்ளே இருக்கிறது என்று பொருள்.

ஊசித்தகட்டைக் கழற்றினேன், அங்கே ஒன்றும் இல்லை. பாபின் கேஸை எடுத்தேன், அங்கும் இல்லை. கொக்கியை மூடியிருக்கும் வளையத்தின் இரண்டு கவ்விகளையும் விலக்கி வளையத்தை எடுத்த பிறகும், மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னும் அந்தக் கொக்கி வர மறுத்தது. அதன் ஓரத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து, விரல் நுனியால் இப்படியும் அப்படியும் அசைத்தபோது, ‘ப்ளக்’ என்று கையில் வந்து விழுந்தது. அதன் பின்பக்கத்தில், பழைய எண்ணெயில் ஊறி அரக்குப் போல இறுகியிருந்த சிவப்பு நூல் ஒன்று, ஏறத்தாழ இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தது. என்னுடைய வெள்ளை நூலின் ஒரு முனை அதற்குள் போய் மாட்டியிருந்தது.

வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். சிவப்பு நூலில் எதையும் தைத்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. நான் அந்த இயந்திரத்தில் நான்கு ஆண்டுகள் தைத்திருக்கிறேன். அந்த நான்கு ஆண்டுகளும் அந்த நூல் அங்கேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பப் பூட்டும்போது இன்னொரு கூத்து நடந்தது. குமிழுக்கு அடியில் மூன்று நீட்சிகள் கொண்ட வளையம் ஒன்று உண்டு. அதை மாற்றிப் போட்டுவிட்டேன். குமிழைத் தளர்த்தினாலும் சக்கரம் ஊசியை விடவில்லை. வளையத்தை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது.

ஊசிக்காது

நூல்கண்டு, நீங்கள் எழுதியது பெரும்பாலும் உண்மைதான் என்றாலும், அதை ஒரு விதியாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது சிங்கர் 128. வட்டமான பாபின் கிடையாது, விரல் நீளத்தில் ஒல்லியான பாபினும் அதை வைக்கும் படகு போன்ற ஷட்டிலும் உள்ளன. ஒரு நாள் துணி சுருங்கிச் சுருங்கி வந்து, அடியில் நூல் முடிச்சிட்டு, ஊசி முறிந்தது. உங்களைப் போலவே மேலேதான் குற்றம் என்று நினைத்து நான்கு முறை நூல் கோத்தேன். கடைசியில் ஷட்டிலை உள்ளங்கையில் வைத்து நூலை இழுத்தேன். ஓர் அங்குலம் வந்தது, நின்றது. மறுபடியும் வந்தது, நின்றது. நான்தான் ஆசைப்பட்டுப் பாபினை நிறைய நிறையச் சுற்றியிருந்தேன். அது ஷட்டிலின் உட்சுவரில் உரசிக்கொண்டிருந்தது. ஆக, என் குற்றம் கீழேதான் இருந்தது.

இங்கே வந்து படிப்பவர்களுக்காக இன்னும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து காது வரைக்கும் நீளமான பள்ளம் ஒன்று ஓடும். நூல் எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும், கொக்கி மறுபக்கத்தில் வந்து கண்ணியைப் பிடிக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் ஊசி நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும் என்பதால், புதிய இயந்திரத்தில் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் முன்னிருந்து பின்னாகக் கோத்துவிடுகிறார்கள். சிங்கர் 221 இயந்திரத்தில் வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் தையலே விழாது. மேலும் கீழும் ஆடும் நூல் தூக்கியின் துளையில் நூல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கோத்ததாக நினைவிருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அதில் நூல் இல்லையென்றால் மேல்நூலை மேலே இழுத்துக்கொள்ள யாருமில்லை, எல்லாம் அடியில்தான் குவியும்.

தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல்முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் கொண்டுபோய், முதல் மூன்று நான்கு தையல்கள் விழும் வரைக்கும் விரலால் பிடித்திருங்கள். துணியின் ஓரத்திலேயே ஊசியை இறக்காமல் சற்று உள்ளே தள்ளி இறக்குங்கள். இல்லையென்றால் துணியையே தகட்டின் துளை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்டியடியில் கிடந்த பழைய நூல்கண்டை, அழகான மரக்கட்டையில் சுற்றியிருக்கிறதே என்பதற்காக இயந்திரத்தில் போட வேண்டாம். ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், உலர்ந்த புல் போல அறுந்தால் அதை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊசித்தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் படிந்திருக்கும் பஞ்சை எடுங்கள். பாபின் கேஸின் வில்தகட்டுக்கு அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தின் மூலையை நுழைத்து இழுத்தால், அங்கே ஒளிந்திருக்கும் துகள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைச்சக்கரத்தை எப்போதும் உங்களை நோக்கியே சுழற்றுங்கள். மிதியைத் தவறான காலத்தில் மிதித்துச் சக்கரம் ஒரு சுற்றுப் பின்னோக்கிப் போனாலே போதும், சிக்கு விழுந்துவிடும்.

மிதிபலகை

‘எப்போதும் உங்களை நோக்கி’ என்று ஊசிக்காது அம்மா எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் இரண்டு வாரங்களை வீணடித்தேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தந்தவரும் இதையேதான் சொன்னார். சிங்கருக்கு அது சரி. என்னிடம் வந்தது வைட் ரோட்டரி என்ற வேறு நிறுவன இயந்திரம். அதன் சக்கரம் தைப்பவரை விட்டு விலகி, எதிர்ப்புறமாகச் சுழல வேண்டும். வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் சங்கிலித்தையல் இயந்திரமும் அப்படித்தான்.

இரண்டு வாரங்களாக ஒவ்வோர் அங்குலத்திலும் நூல் அறுந்தது, அல்லது சிக்கியது. ஊசி மாற்றினேன், நூல் மாற்றினேன், எண்ணெய் விட்டேன். வீட்டுக்கு வந்திருந்த வயதான தையற்காரர் ஒருவர், நான் மிதிப்பதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் குனிந்து, என் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு, தன் உள்ளங்கையால் அதை மறுபுறம் தள்ளினார். இயந்திரம் நீரோடை போல ஓடியது. துணியில் விழுந்த அந்த ஒரு சாண் தையலை நான் இன்னும் வெட்டி வைத்திருக்கிறேன். அவர் சிரிக்கக்கூட இல்லை; அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

கருவிப்பெட்டி

யாருமே ‘டைமிங்’ பற்றி, அதாவது ஊசியும் கொக்கியும் சரியான நேரத்தில் சந்திப்பதைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழுதுபார்ப்பவர்கள் பலர் முதலில் சொல்லும் சொல் அதுவாக இருப்பதால், என் அனுபவத்தை எழுதுகிறேன்.

சிங்கர் 306 இயந்திரம். வீட்டு இயந்திரங்கள் பலவற்றுக்குப் போடும் 15×1 என்ற எண்ணுள்ள ஊசியைத்தான் போட்டேன். முதல் நாளிலிருந்தே, ஊசி அடியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று மிக மெல்லிய ஓசை ஒன்று வந்தது. பழைய இயந்திரம் என்றால் ஏதாவது ஓசை வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் நூல் பிசிறு பிசிறாகி, அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளத் தொடங்கியது. பழுதுபார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, டைமிங் போய்விட்டது என்று சொல்லி, திருகைத் தளர்த்திக் கொக்கியை நகர்த்திவிட்டுப் போனார். அதன் பிறகு சிக்கு குறைந்தது, ஆனால் தையல் விட்டு விட்டு விழுந்தது.

அந்த 306-க்கு உரிய ஊசி 206×13 என்பது பிறகுதான் தெரிந்தது. அது 15×1 ஊசியைவிடச் சற்றுக் குட்டையானது. நான் போட்ட நீளமான ஊசி ஒவ்வொரு முறையும் கீழேயுள்ள பாபின் கேஸைத் தொட்டிருக்கிறது. அந்த ‘டிக்’ அதுதான். கேஸைக் கழற்றி நகத்தால் தடவிப் பார்த்தபோது, ஊசி தொட்ட இடத்தில் எறும்புக் கடி அளவுக்கு ஒரு சொரசொரப்பு நகத்தில் தட்டுப்பட்டது. நூல் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மிக நைசான உப்புத்தாளால் அதைத் தேய்த்தெடுத்தேன்.

ஆனால் அதற்குள் கொக்கியின் இடம் மாறிப்போயிருந்ததே! ஊசி தன் அடிமட்டத்திலிருந்து சுமார் 2.5 மில்லிமீட்டர் மேலே எழும்போது, கொக்கியின் முனை ஊசிக்காதுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். எழும்புகிற அந்தச் சிறு தூரத்தில்தான் நூல் தளர்ந்து கண்ணியாக விரியும், கொக்கி அதைப் பிடிக்கும். சரியான ஊசியைப் போட்டு இதை மறுபடியும் அமைப்பதற்குள் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நைலான் பற்சக்கரம் வைத்த பிற்கால இயந்திரங்களில் சக்கரம் வெடித்து டைமிங் தானாகப் போவது உண்டு. முழுக்க இரும்பாலான இயந்திரத்தில் யாரும் கை வைக்காமல் அது நகர்வது அரிது. எனவே யாராவது டைமிங் என்று சொன்னால், முதலில் ஊசியின் எண்ணைக் கேளுங்கள். நான் அந்த ‘டிக்’ ஓசையை ஒரு மாதம் காதில் வாங்கியும் வாங்காமல் இருந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நூல்கண்டு

ஊசிக்காது அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்; ‘குற்றம் மேலேதான்’ என்று நான் எழுதியிருக்கக் கூடாது, ‘முதலில் மேலே பாருங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி நேற்று ஊசித்தகட்டைக் கழற்றினேன். பற்களுக்கு இடையில் பஞ்சு கம்பளித் துண்டு போல இறுகியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தபோது மூன்று நீண்ட பட்டைகளாக முழுசாக வந்தது, பற்களின் வடிவம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. அடுக்கடுக்காக நீலம், சாம்பல், மஞ்சள் என்று நிறங்கள் தெரிந்தன.

அப்படியே பாபின் கேஸையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். திருகுக்குப் பக்கத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருக்கிறது. அம்மா அடையாளத்துக்காகப் போட்டதா, என் திருப்புளி வழுக்கிப் போட்டதா என்று சொல்ல முடியவில்லை. திருகின் வெட்டை அந்தக் கீறலுக்கு நேராகக் கொண்டுவந்து, கேஸை நூலில் தொங்கவிட்டேன். நூலைப் பிடித்து நிறுத்தினால் அது அசையாமல் தொங்க வேண்டும், மணிக்கட்டை இலேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். என்னுடையது பிடிப்பே இல்லாமல் நேராகத் தரை வரைக்கும் போயிற்று. இப்போது அந்தக் கீறலிலிருந்து கால் சுற்று இறுக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.