சுஸ்டன், ஃபுர்கா, க்ரிம்சல்: மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் காரில் சுற்றலாமா?

வழிப்போக்கன்:
செப்டம்பர் கடைசி வாரம் சுவிஸில் மைரிங்கனில் தங்குகிறோம். வாடகைக் கார், ஆட்டோமேட்டிக், பெட்ரோல். அப்பா அம்மா (எழுபதை நெருங்குகிறார்கள்), நான், மனைவி, ஐந்து வயதுப் பையன். ஒரே நாளில் சுஸ்டன், ஃபுர்கா, க்ரிம்சல் மூன்றையும் சுற்றி வர எண்ணம். சமவெளியில் நன்றாக ஓட்டுவேன், இவ்வளவு உயரமான மலைச்சாலையில் ஓட்டியதில்லை. எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? நீண்ட இறக்கத்தில் பிரேக் தாங்குமா? அந்த வாரம் பனி விழுந்து சாலையை மூடிவிட்டால் எப்படித் திரும்புவது? அப்பா அம்மாவுக்கு உயரத்தால் தொந்தரவு வருமா?

கொண்டைஊசி:
தாராளமாகச் சுற்றலாம். மைரிங்கனுக்கு அடுத்த ஊரான இன்னர்ட்கிர்ஹனில் தொடங்கி அங்கேயே முடித்தால் 120 கி.மீ.க்குச் சற்று மேல். ஓட்டும் நேரம் மட்டும் மூன்று மணி நேரம், ஆனால் நாள் முழுவதையும் ஒதுக்குங்கள்.

திசை: சுஸ்டன் முதலில், பிறகு வாஸன், கோஷனன், ஆண்டர்மாட், ரியால்ப், ஃபுர்கா, க்ளெட்ஷ், கடைசியில் க்ரிம்சல். இதற்குக் காரணம் ஃபுர்காவின் கிழக்குப் பக்கம்தான். ரியால்ப்புக்கு மேலே சாலை குறுகலாகிவிடும். சில இடங்களில் இரண்டு கார்கள் ஒதுங்கித்தான் போக முடியும், ஓரத்தில் தடுப்புக் கம்பிக்குப் பதில் கற்கள் மட்டும் நட்டிருக்கும். சாலை பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் போவதால், ரியால்ப்பிலிருந்து ஏறும்போது வலது பக்கம் ஓட்டும் உங்களுக்கு மலைச்சுவர் பக்கம் கிடைக்கும். எதிர்த்திசையில் இறங்கினால் பள்ளத்தின் விளிம்பு உங்கள் பக்கம். முதல் முறை ஓட்டுபவருக்கு இது பெரிய வித்தியாசம். பிற்பகலில் மேற்கு நோக்கி ஏறும்போது வெயில் கண்ணில் அடிக்கும் என்பது மட்டுமே குறை. கூலிங் கிளாஸும் சுத்தமான முன்கண்ணாடியும் போதும்.

சுஸ்டனை (2224 மீ) முதலில் வைப்பதில் இன்னொரு வசதி உண்டு. அது 1946-இல் திறக்கப்பட்டது, கார்களுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய சாலை, அகலமானது, வளைவுகள் சீரானவை. கை பழக ஏற்ற இடம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஷ்டைன் பனியாறு தெரியும் இடத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.

வாஸனில் ஒரு எச்சரிக்கை. நேவிகேஷன் உங்களை ஏ2 நெடுஞ்சாலையில் ஏற்றிவிடலாம். அதில் கோஷனன் வெளிவழியைத் தவறவிட்டால் நேரே 17 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கப்பாதைதான், அந்தப் பக்கம் ஐரோலோவில்தான் வெளியே வருவீர்கள். பழைய மாநிலச் சாலையிலேயே போங்கள். வார இறுதியில் சுரங்க வாயிலில் வண்டிகள் தேங்கினால் அந்தச் சாலையும் நெரியும், அதனால் வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

மஞ்சள் போஸ்ட்பஸ்ஸை (தபால்துறையின் பயணிகள் பஸ்) மறக்காதீர்கள். நீல நிறப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது பஸ்ஸுக்கு முன்னுரிமை உள்ள மலைச்சாலை. ஓட்டுநர் கையைக் காட்டி ஒதுங்கவோ பின்னால் போகவோ சொன்னால் கேட்டே ஆக வேண்டும். பார்வைக்கு மறைந்த வளைவுகளில் மூன்று ஸ்வரத்தில் ஹாரன் அடிப்பார்கள். அது கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், உள்ளே நுழைந்த பிறகு நிற்காதீர்கள். பஸ் திரும்ப முழு வளைவும் தேவைப்படும். எதிரே வருவது கார் என்றால், இறங்குபவர்தான் முதலில் நிற்க வேண்டும்.

இரண்டாம்கியர்:
பிரேக் தாங்கும், கியரையும் வேலை வாங்கினால்.

உங்கள் சுற்றில் மிக நீண்ட இறக்கம் கடைசியில் வருகிறது: க்ரிம்சல் உச்சி 2164 மீ, இன்னர்ட்கிர்ஹன் ஏறத்தாழ 625 மீ. 26 கி.மீ.க்குள் 1500 மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். ஐந்து பேரோடு கார் 1900 கிலோ என்று வைத்தால், இந்த உயரத்தின் ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளாத மிச்சம் அத்தனையும் நான்கு சக்கர பிரேக்குகளில் வெப்பமாகத்தான் போயாக வேண்டும்.

'டி'யில் விட்டால் பல ஆட்டோமேட்டிக் கார்கள் இறக்கத்தில் மேல் கியருக்குத் தாவிவிடும், எஞ்சின் பிடிக்காது. உச்சியிலேயே லீவரை 'எம்' பக்கம் தள்ளி, மைனஸ் தட்டி மூன்றாம் கியர், கொண்டை ஊசி நெருங்கினால் இரண்டாம் கியர். எஞ்சின் 3000, 4000 சுற்றில் கத்தும். கத்தட்டும், கெடுதல் இல்லை. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது எஞ்சினுக்குப் போகும் எரிபொருளும் நிறுத்தப்பட்டிருக்கும்.

பிரேக்கில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது, கூடவே கூடாதது. பிரேக் பட்டைக்கு ஆற நேரமே கிடைக்காது. வேகம் 50-ஐ எட்டட்டும், அழுத்தமாக மிதித்து 35-க்குக் கொண்டுவாருங்கள், காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி ஏறட்டும், மறுபடி மிதியுங்கள். கொண்டை ஊசிக்கு 20-க்கு வர வேண்டிய வேலையை நேர்ச்சாலையிலேயே முடித்துவிடுங்கள்.

கெட்டுப்போவது இரண்டு விதம். கருகிய வாடை வந்து, பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்காமல் போனால் பட்டை சூடேறி உராய்வு குறைந்துவிட்டது. பெடல் பஞ்சு போலத் தரையை நோக்கி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டது. இதுதான் அதிக ஆபத்து. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் உறிஞ்சிப் பழசானால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். வாடை வந்தவுடனே கியரைக் குறைத்து, அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும் அல்லது வெடிப்பு விடும்.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி. கொடுப்பது ஹைப்ரிட் காராக இருக்கலாம் என்கிறார்கள். அப்போதும் இதே முறையா?

இரண்டாம்கியர்:
அதில் லீவரில் 'பி' (ஆங்கில B, நிறுத்தும் P அல்ல) என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இறக்கத்துக்கு அதுதான். சாதாரண ஹைப்ரிட்டின் பேட்டரி சிறியது, க்ரிம்சலில் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். பிறகு, சக்கரச் சுழற்சியை மின்சாரமாக்கி வேகத்தைக் குறைக்கும் மின்பிரேக் வேலை செய்யாது, அதற்குப் பதில் எஞ்சின் திடீரென்று உரக்கச் சுழலத் தொடங்கும். கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

பனிக்கோடு:
மூன்று கணவாய்களும் வழக்கமாக ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் சாத்தியம் அதிகம், உறுதி இல்லை. ஒரே இரவில் பனி விழுந்து ஓரிரு நாள் மூடுவது சகஜம். அடிவாரத்தில் ஒவ்வொரு கணவாய்க்கும் பெயர்ப்பலகை இருக்கும். 'ஓஃபன்' என்றால் திறந்திருக்கிறது, 'கெஷ்லோஸன்' என்றால் மூடியிருக்கிறது.

முந்தைய நாள் மாலை சுவிஸ் வானிலைத் துறையின் அறிக்கையில் பூஜ்ஜிய டிகிரி உயரம் (வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்கும் உயரம்) எவ்வளவு என்று பாருங்கள். பனி பெரும்பாலும் அதற்கு 300 மீட்டர் கீழே வரை விழும். ஃபுர்கா 2429 மீ. மழை அறிவிப்போடு அந்த உயரம் 2700-க்குக் கீழே வந்தால் அன்று போகாதீர்கள், காரில் கோடைக்கால டயர்தான் இருக்கும். வானம் தெளிந்த நாளிலும் ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குளிர் கூடும். மைரிங்கனில் 15 என்றால் ஃபுர்காவில் 3. காலையில் நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கலாம். ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். மாலை ஏழு மணியளவில் சூரியன் மறையும், அதற்குள் க்ரிம்சலை இறங்கி முடியுங்கள்.

ஆண்டர்மாட் போன பிறகு ஃபுர்கா மூடிவிட்டால்: வந்த வழியே கோஷனன் இறங்கி, ஏ2-வில் வடக்கே போய், லூட்சர்ன் பக்கம் சுற்றி, ப்ரூனிக் கணவாய் வழியாக மைரிங்கன். ப்ரூனிக் 1008 மீட்டர்தான், குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ரியால்ப்பில் காரை ரயிலில் ஏற்றி ஓபர்வால்ட் போகலாமே என்று தோன்றும். ஃபுர்கா மூடிய நாளில் பெரும்பாலும் க்ரிம்சலும் மூடியிருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் வாலிஸ் மாநிலத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தென்றல்:
பெரியவர்களைப் பற்றி: 2400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. ஓரிரு மணி நேரம் இருந்து இறங்குவதில் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதே பயணத்தில் யுங்ஃப்ராவ்யோஹ் (ரயிலில் போகும் உயரமான மலை நிலையம்) போகும் எண்ணம் இருந்தால் அது வேறு கணக்கு: 3454 மீட்டர், அழுத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலியோ கிறுகிறுப்போ தொடங்கினால் அடுத்த ரயிலில் இறக்கிவிடுங்கள்.

பையனுக்கு உயரத்தைவிட வளைவுதான் தொல்லை. போனைக் கையில் கொடுக்காதீர்கள். பின்சீட்டில் நடுவில் அவனுடைய இருக்கையைப் பொருத்த முடிந்தால் முன்னால் சாலை தெரியும், குமட்டல் குறையும். இறங்கும்போது காது அடைத்தால் விழுங்க ஏதாவது கொடுங்கள். தூங்கிவிட்டால் க்ரிம்சல் இறக்கத்துக்கு முன் எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு, காது வலியோடு எழுவான்.