ஜோசஃபின் பேக்கர் பாரிஸில் நிலைபெற்றது எப்படி?

கேள்வி: 1925இல், 19 வயதில், பிரெஞ்சு மொழி அறியாமல் அமெரிக்காவிலிருந்து பாரிஸுக்கு ஆட வந்த ஜோசஃபின் பேக்கர் அங்கே எவ்வாறு நிலைபெற்றார்?

மறுமொழி 1: தொடக்கத்தில் ஷான்ஸ் எலிசே அரங்கில் அவருடைய நடனமே பேசியது. ஆனால் அதோடு நின்றுவிடாமல், பிரெஞ்சு மொழியையும் குரற்பயிற்சியையும் மேற்கொண்டு, 1934இல் இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் இசைநாடகம் ஒன்றில் முதன்மைப் பாத்திரம் ஏற்கும் அளவுக்கு அவர் உயர்ந்ததே என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

மறுமொழி 2: வரவேற்பை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1926இல் ஃபோலி பெர்ஜேர் அரங்கில் வாழைப்பழப் பாவாடையுடன் ஆடியபோது, கறுப்பினப் பெண்ணைக் காட்டின் விந்தையாகக் கண்ட காலனியப் பார்வையையும் அவர் எதிர்கொண்டார்.

மறுமொழி 3: உண்மைதான். எனினும், 1936இல் நியூயார்க் மேடைக்குத் திரும்பியபோது விமர்சகர்களின் கடுஞ்சொல்லும் நிறவெறியுமே அவருக்குக் கிடைத்தன. மறு ஆண்டே அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்.