அங்கே இங்கே வேலை பார்த்தவனை லாரியில் ஏற்றுவார்களா?

திருப்பூரில் பனியன் கம்பெனி, அப்புறம் பள்ளிபாளையத்தில் தறி, நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த காலம். இப்படி எதிலும் நிலைக்காத எனக்கு நாமக்கல்லில் லாரி வேலை கிடைத்தது. இதே நிலையில் இருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று முதலாளி கேட்கவே இல்லை. கேட்டது இரண்டுதான்: "யார் சொல்லி வந்தே? என்ன லைசென்ஸ் வச்சிருக்கே?" எனக்காகப் பேசியவர் எங்கள் ஊர் டிரைவர் அண்ணன். வண்டியையும் அடுத்தவர் சரக்கையும் நம்பி நாக்பூர் வரை அனுப்புகிறவருக்கு, இவன் நடுவழியில் விட்டுவிட்டு ஓடமாட்டான் என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்த ஆள்தான் சொல்ல முடியும்.

லைசென்ஸுக்கு வருகிறேன். கார் போன்ற இலகுரக வண்டிக்கான எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனால்தான் லாரிக்கு எல்.எல்.ஆரே (பழகுநர் லைசென்ஸ்) போட முடியும். வயது 20 ஆகியிருக்க வேண்டும். எட்டாவது பாஸ் என்ற கட்டாயத்தை 2019-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் வேலையில்லாமல் இருக்கும்போதே எல்.எம்.வி.யை எடுத்துவிடுங்கள், அந்த வருஷம் தானாக ஓடிவிடும்.

லைசென்ஸ் இருந்தாலும் உடனே ஸ்டியரிங் கிடைக்காது. நான் கிளீனராகத்தான் ஏறினேன். தார்ப்பாய் கட்டுவது, டயரைத் தட்டிக் காற்றுப் பார்ப்பது, ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போடுவது எல்லாம் என் வேலை. இதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் சீக்கிரமே இறங்கிவிடுகிறார்கள். ஆனால் தொழில் இங்கேதான் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து லோடோடு தொப்பூர் இறங்கும்போது, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் டிரைவர் கியரைக் குறைத்துவிடுவார். "டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா, பிரேக் சூடேறி அப்புறம் பிடிக்காது" என்பார். அந்தக் கணவாயில் உருக்குலைந்து கிடக்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னதன் அருமை புரியும்.

பழைய வேலைகளைப் பற்றிக் கேட்காதவர்கள், கடைசி லாரியை விட்டு எப்படி இறங்கினாய் என்று மட்டும் விசாரித்துவிடுகிறார்கள். பட்டறை, புக்கிங் ஆபீஸ், டீக்கடை எங்கும் அந்தச் செய்தி போயிருக்கும். ஒரு முதலாளி எனக்குத் தர வேண்டிய படிக்காசைப் பிடித்துக்கொண்டார். கோபம்தான், ஆனாலும் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து சாவி, பேப்பர், டீசல் கணக்கு எல்லாம் ஒப்படைத்துவிட்டே விலகினேன். அடுத்த வண்டிக்கு என்னைச் சொல்லிவிட்டவர் அவருடைய மேனேஜர்தான்.

டேங்கர் டிரைவர் ஒருவரின் பதில்:

அண்ணன் சொன்னது சரி. கேஸ் டேங்கருக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். ஆபத்தான சரக்குக்கான 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிய வேண்டும். ஓர் இந்திய மொழியோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். நான் கட்டட வேலை, கல்யாண சமையலில் எடுபிடி என்று அலைந்தவன். சேர்க்கும்போது லைசென்ஸையும் பயிற்சிச் சான்றிதழையும்தான் புரட்டிப் பார்த்தார்கள். இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டாம். டேங்கர் மேல் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தே நான் பழகினேன்.