ஆர்ட்ஃபுல் டொட்ஜர்: இத்தனை வெற்றிக்குப் பிறகும் ஏன் நிலைக்கவில்லை?

கொட்டாஞ்சேனை கீபோர்ட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் நண்பர் ஒருவரும் வீட்டு அறையொன்றையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, பழைய தமிழ்ப் பாடல்களையும் பைலா எனும் இலங்கை ஆட்டப் பாடல்களையும் ரீமிக்ஸ் செய்து, வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்துத் திருமண வரவேற்புகளில் ஒலிக்கவிட்டு வருகிறோம். அண்மைக்காலமாகப் பிரித்தானிய கராஜ் எனும் நடன இசையில் ஈடுபாடு கூடியதால், ஆர்ட்ஃபுல் டொட்ஜர் இரட்டையரின் பாடல்களைத் தேடித்தேடிக் கேட்கிறோம். 1999ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'ரீ-ரீவைண்ட்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டில் 'மூவின் டூ ஃபாஸ்ட்' பாடலும் அதே இடத்தைப் பிடித்தது. இவ்வளவு வேகமாக ஏறியவர்களின் கதை ஒரேயொரு இசைத்தொகுப்புடன் ஏறக்குறைய நின்றுபோனது ஏன்? கராஜின் மவுசு குறைந்ததுதான் காரணமா, அல்லது ரீமிக்ஸை நம்பி இறங்கும் இருவருக்கு எப்போதும் நேரக்கூடியதா? ஒரு பெயரை வைத்துக்கொண்டு முழுநேரமாக இறங்க எண்ணியிருப்பதால், விபரம் தெரிந்தவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

பம்பலப்பிட்டி வினைல் எழுதியது:

தம்பி, மவுசு குறைந்ததும் உண்மைதான். 2001ஆம் ஆண்டளவில் கராஜ் நிகழ்ச்சிகளில் வன்முறைச் சம்பவங்கள் நிகழ்ந்ததால் இலண்டனில் பல மண்டபங்கள் அந்த இசைக்கே கதவடைத்தன. ஆனால், ஆர்ட்ஃபுல் டொட்ஜரின் கதைக்கு அதைவிட முக்கியமான காரணம் அவர்களுடைய பாடல்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கருத்து.

மார்க் ஹில், பீட் டெவரோ ஆகிய இருவரும் இலண்டனைச் சேர்ந்தவர்கள் அல்லர். தென்கரைத் துறைமுக நகரான சவுத்தாம்ப்டனில் இருந்துகொண்டு, அமெரிக்க ஆர் அண்ட் பி பாடல்களின் குரலை எடுத்து, அதற்குக் கீழே கராஜ் தாளத்தைப் பொருத்தி, பெயர் அச்சிடாத வெள்ளை லேபல் இசைத்தட்டுகளாக வெளியிட்டு வளர்ந்தவர்கள். அதே ஊரில் பதின்ம வயதில் இருந்த கிரேய்க் டேவிட் அவர்களுடைய கலையகத்தில் பாடத் தொடங்கியதும் நிலைமை மாறியது, ஏனென்றால் மற்றவர்களின் குரலை வெட்டி ஒட்டியவர்களுக்கு அப்போதுதான் சொந்தமாக ஒரு குரல் கிடைத்தது. 'ரீ-ரீவைண்ட்' கேட்ட மக்கள் மனத்தில் நின்றவர் கிரேய்க் டேவிட். தட்டின் மீது முதலில் அச்சிடப்பட்டிருந்த பெயரை டி.ஜே.க்களே நினைவில் வைத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய தனிப்பாடல் 'ஃபில் மீ இன்' முதலிடத்துக்கு வந்தது. அதை அவருடன் சேர்ந்து எழுதித் தயாரித்தவர் மார்க் ஹில். அதன் பின் வந்த 'போர்ன் டு டூ இட்' தொகுப்பின் பெரும்பகுதியும் ஹில்லின் கைவண்ணமே.

அதாவது, இருவரில் ஒருவர் தனித் தயாரிப்பாளராக உயர்ந்தார், மற்றவர் சிறிது காலத்தில் விலகினார், பாடகர் தம் வழியே போனார். எஞ்சியது பெயர் மட்டும். பிற்காலத்தில் அந்தப் பெயரில் மேடையேறியவர்கள் வேறு ஆட்கள். பழைய இருவரும் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்தபோது 'ஒரிஜினல் டொட்ஜர்' என்று வேறு பெயர் வைக்க வேண்டியிருந்தது. தாமே வளர்த்த பெயர் அடுத்தவர் மேடையில் ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! நீங்களும் உங்கள் நண்பரும் தாளம் போடுவதற்கு முன்னால் பெயர் யாருக்கு உரியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

வெள்ளவத்தைத் தாளக்காரன் எழுதியது:

மேலே அண்ணன் எழுதிய வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை, முடிவில்தான் உண்டு. பாடகர் விலகினால் குழு முடிந்தது என்றால், அமெரிக்கத் தயாரிப்பாளர் டொட் எட்வேர்ட்ஸ் இன்றுவரை பேசப்படுவது எப்படி? நியூ ஜேர்சியைச் சேர்ந்த அவர் பாடலின் முழு வரியை எடுப்பதில்லை. ஓர் அசை, ஒரு மூச்சு, பாதி உயிரெழுத்து என்று குரலை நறுக்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டே புதிய மெட்டை அமைப்பார். இலண்டன் கராஜ் தயாரிப்பாளர்கள் ஒரு தலைமுறையே அவரிடமிருந்து கற்றுக்கொண்டது. நடுவில் வருமானம் வற்றி, அவர் தொலைபேசி நிறுவனமொன்றில் வேலைக்குப் போகவேண்டி வந்தது என்பதும் உண்மை. ஆனாலும், 2001இல் டஃப்ட் பங்க் இரட்டையருடன் 'ஃபேஸ் டு ஃபேஸ்' பாடலில் பணியாற்றியவரையே, 2013இல் வெளிவந்த 'ரெண்டம் எக்ஸஸ் மெமரீஸ்' தொகுப்புக்கும் அவர்கள் அழைத்தார்கள். அந்தத் தொகுப்பு கிராமி விருது வென்றது. பெயர் மறைந்தாலும் கைப்பழக்கம் ஒருவரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் பைலாவைக் குறிப்பிட்டதால் தொழில்நுட்பம் பற்றியும் எழுதுகிறேன். டூ-ஸ்டெப் எனும் கராஜ் தாள வகை நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 தட்டுகளில் ஓடும். ஹவுஸ் இசையைப்போல ஒவ்வொரு தட்டிலும் கிக் எனும் பெரிய முரசடி விழாமல், இடையிடையே விடுபட்டு, அந்த வெற்றிடத்தில் தாழ்சுர பேஸ் ஒலியும் நறுக்கிய குரலும் நடமாடும். டினா மூரின் 'நெவர் கோனா லெட் யூ கோ' பாடலைச் சிக்காகோவின் கெலி ஜி ரீமிக்ஸ் செய்த விதத்தைக் கேட்டால் இந்தத் தாளம் பிறந்த இடம் புரியும். மூலப் பாடல் 1995இன் சாதாரண ஆர் அண்ட் பி, ஆனால் 1997இல் பிரித்தானியாவை ஆட்டி வைத்தது ரீமிக்ஸ்தான். பைலாவோ மும்மூன்றாக எண்ணும் 6/8 தாளம். அதைக் கணினியில் 130க்கு இழுத்து மேலே வைத்தால் தாளமும் குரலும் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். உங்கள் மென்பொருளில் ஸ்விங், அதாவது இடை அடிகளைத் தள்ளிவைக்கும் அளவு, 50 என்பது நேர்த்தாளம், 66 என்பது மும்மைத்தாளம். கராஜ் வழக்கமாக இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பதால்தான் அந்தத் தள்ளாட்டம் உண்டாகிறது. பைலாக் குரலை வைக்கும்போது மட்டும் ஸ்விங்கை 66ஐ நோக்கி நகர்த்தி, ஹைஹெட் எனும் சிறு தாளத்தட்டு ஒலியைக் குறைத்துப் பாருங்கள். கொழும்பில் இதை யாராவது ஒழுங்காகச் செய்தால், நான் முதல் ஆளாக வந்து ஆடுவேன்.

புதுக்கடை வாசகி எழுதியது:

இசை நுணுக்கம் எனக்குத் தெரியாது; உரிமை பற்றி மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி, ஒரு பாடலைத் தழுவி மாற்றியமைக்கும் உரிமை அதன் படைப்பாளிக்கோ உரிமை பெற்றவருக்கோ உரியது. அது படைப்பாளியின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை வேறு இருக்கிறது. ஆகவே, பழைய பாடலொன்றின் பதிவிலிருந்து குரலை எடுத்தால் நீங்கள் இரண்டு தரப்பிடம் அனுமதி பெறவேண்டும். அனுமதியில்லாமல் யூரியூப்பில் ஏற்றும் ரீமிக்ஸ் எந்த நேரத்திலும் நீக்கப்படலாம் என்பதால், அதன் மேல் ஒரு தொழிலைக் கட்டுவது விவேகமன்று.

இன்னொன்று, நிறுவனமே அழைத்து ரீமிக்ஸ் செய்யச் சொன்னாலும் பெரும்பாலும் ஒருமுறைக் கூலி மட்டுமே கிடைக்கும். பாடலின் எழுத்துரிமையில் பங்கு கிடைப்பது அரிது. 2000ஆம் ஆண்டில் 'ஃபிளவர்ஸ்' பாடலை 2ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது தயாரிப்பாளர் சன்ஷிப்பின் ரீமிக்ஸ்தான், ஆனால் பட்டியலில் நின்ற பெயர் அதைப் பாடிய சுவீட் ஃபீமேல் அட்டிடியூட். மார்க் ஹில் தப்பியது ரீமிக்ஸால் அன்று, கிரேய்க் டேவிட்டின் பாடல்களில் இணை எழுத்தாளராகப் பெயர் பதித்ததால் என்றுதான் எனக்குப் படுகிறது.

கொட்டாஞ்சேனை கீபோர்ட் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் படித்த பின், பழைய பதிவுகளைத் திருமண மேடையோடு நிறுத்திக்கொண்டு, வெளியிடுவதற்குச் சொந்தப் பாடல் எழுத நண்பரும் சம்மதித்துவிட்டார். எங்களிடம் இல்லாதது குரல்தான். பைலாவும் தமிழும் இரண்டும் பாடக்கூடிய ஒருவரை எங்கே தேடுவது?

பம்பலப்பிட்டி வினைல் எழுதியது:

நீங்கள் போகும் அதே திருமண வரவேற்புகளில் மேடையில் பாடுகிற இசைக்குழுப் பிள்ளைகளிடமே கேளுங்கள், தம்பி. கிடைத்தவுடன் அக்கா சொன்ன எழுத்துரிமைப் பங்கில் மூன்றாவது பெயரையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.