குழந்தைகள் வார்டில் விவரம் கேட்கும்போது பிள்ளை வாயே திறப்பதில்லை, என்ன செய்வது?

புதுத்தாதி_கேஎல்:
வணக்கம். தாதியர் டிப்ளோமா முடித்து, கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பிள்ளையை வார்டில் சேர்க்கும்போது என்ன தொல்லை, எப்போதிலிருந்து, என்ன மருந்து சாப்பிடுகிறது, அலர்ஜி உண்டா, தடுப்பூசி போட்டாச்சா, ஜி6பிடி குறைபாடு (சில பொருள் பட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்துபோகிற பிறவிக் குறை) இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும். பிள்ளையிடம் கேட்டால் அம்மா பதில் சொல்கிறார், அம்மாவிடம் கேட்டால் பாட்டி சொல்கிறார், பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. "வேற ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களா" என்றால் எல்லாரும் இல்லை என்கிறார்கள், மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது வேறு கதை வருகிறது. தமிழ்க் குடும்பம் வந்தாலே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் இதை நன்றாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளைகளிடம் பெற்றோரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_மிஸி:
தங்கச்சி, பினாங்கில் குழந்தைகள் வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் உட்காருங்கள். கையில் ஃபைலோடு நின்றுகொண்டு கேட்டால் பெரியவர்களுக்கே பேச வராது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையிடம் எடுத்தவுடனே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், அம்மாவோடு பேசிக்கொண்டே இருங்கள், அதுவே உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வரும். அம்மா மடியிலேயே இருக்கட்டும். அமைதியாக இருக்கும்போதே மூச்சை எண்ணிவிடுங்கள், காதும் தொண்டையும் கடைசியில்தான்.

நாலஞ்சு வயதுப் பிள்ளை என்றால் முதல் கேள்வி அதற்குத்தான். "எங்க வலிக்குது, ஒரு விரலால காட்டு." "எத்தனை நாளா" என்று கேட்காதீர்கள், அந்த வயதில் நாள் கணக்கு தெரியாது. "பள்ளிக்கூடத்துலயே வலிச்சுதா, வீட்டுக்கு வந்தப்புறமா" என்று கேட்டால் சொல்லும். எவ்வளவு வலி என்பதற்கு ஆறு முகம் போட்ட அட்டை இருக்குமே, அது டோனா வோங் என்ற குழந்தைநலத் தாதியும் கோனி பேக்கரும் 1980களில் அமெரிக்காவில் பிள்ளைகளையே வரையச் சொல்லி உருவாக்கியது, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. முகத்தைப் பிள்ளைதான் தொட்டுக் காட்ட வேண்டும், அம்மா தொட்டால் அது அம்மாவின் கணக்கு. பேச்சு வராத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்று பார்த்து மார்க் போடுகிற ஃபிளாக் முறை உங்கள் வார்டிலும் இருக்கும்.

அடுத்து மருந்து. பாட்டியை ஒதுக்கினீர்களோ, பாதி விவரம் அவரோடு போய்விடும். வசம்பும் ஓமத்தண்ணியும் நம் வீடுகளில் மருந்துக் கணக்கிலேயே வராது. அதனால் மருந்து என்று கேட்காமல் வீட்டில் செய்வதைக் கேளுங்கள். "பாட்டி, குளிப்பாட்டினப்புறம் என்ன குடுப்பீங்க? நாக்குல என்ன தடவுவீங்க? சளி பிடிச்சா நெஞ்சுல என்ன தேய்ப்பீங்க?" ஒவ்வொன்றாக வரும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரலாம். வசம்பில் அசரோன் என்ற கேடான பொருள் இருக்கிறது, அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் இதையெல்லாம் அந்த நிமிஷமே சொல்லி முகம் சுளித்தால் அடுத்த கேள்விக்குப் பதில் வராது. முழுதும் கேட்டு எழுதி முடித்து, அப்புறம் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்குங்கள்.

ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தை என்றால் அந்துருண்டை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மூத்த பிள்ளையின் துணியை அந்துருண்டை போட்டு எடுத்து வைத்திருப்பார்கள், அதை அப்படியே எடுத்துப் பச்சைக் குழந்தைக்குப் போடுவார்கள். நாஃப்தலீன் பட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை ஏறும்.

செந்தூல்_அம்மா:
நான் தாதி இல்லை, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அம்மா. ஒரு கிளினிக்கில் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் ஆமாம் இல்லை தவிர என் வாயில் எதுவும் வரவில்லை, ஏன் ஏன் என்று கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஒரு மலாய் மிஸி, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, மகனிடம் பெயரைக் கேட்டு, சட்டையில் இருந்த அல்ட்ராமேனைப் பற்றிக் கேட்டு, அவன் கையில் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா என்பதோடு நிறுத்தாமல் வீட்டுக்குள் என்னவெல்லாம் கொளுத்துவீர்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ராத்திரி கொசுவர்த்தி, இரண்டும் அப்போதுதான் பேச்சில் வந்தது. இருமல் எந்தக் கிழமையில் அதிகம் என்று அடுத்த கேள்வி. தமிழ் தெரிந்த நீங்கள் இதைவிட எவ்வளவோ கேட்கலாம்.

இன்னொன்று, பெற்றோர் யாராவது "அழுதா மிஸி ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டினால் அங்கேயே தடுத்துவிடுங்கள், சங்கடப்படாதீர்கள். வலிக்காது என்று பொய்யும் சொல்லாதீர்கள். கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும், அம்மா கையைப் பிடித்துக்கொள் என்று சொன்னால் பிள்ளை நம்பும்.

பட்டர்வொர்த்_தம்பி:
அக்கா, நான் பினாங்கில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) இளையோர் பரிசோதனை பார்ப்பவன். பெரிய பிள்ளைகளுக்கு ஹெட்ஸ் என்ற கேள்வி வரிசைதான் கைகொடுக்கும். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப்பொருள், பாலுறவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். சுலபமானதிலிருந்து கஷ்டமானதற்கு, அந்த வரிசையைக் குலைக்காதீர்கள். பெற்றோரைத் திடீரென்று வெளியே போகச் சொன்னால் சந்தேகம் வரும். எல்லாரும் இருக்கும்போதே "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுறது எங்க வழக்கம், அப்புறம் உங்களையும் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையிடமும் முதலிலேயே சொல்லுங்கள், நீ சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ நான் மறைக்க முடியாது என்று. கேட்டு முடித்தபின் அதைச் சொன்னால் அது துரோகம். 2001 சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் சிறார்தான், அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கே 15999, தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள்.

பாட்டிக்கு மலாய் தெரியாது என்று பத்து வயது அக்காவை மொழிபெயர்க்க வைப்பதை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். தம்பிக்கு வலிப்பு வந்த கதையை அந்தப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

புதுத்தாதி_கேஎல்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால் மிஸி, ஷிஃப்டில் இவ்வளவு நேரம் கிடைப்பதில்லையே?

ஜெலுத்தோங்_மிஸி:
ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. வந்தவுடன் அலர்ஜி, ஜி6பிடி, வலிப்பு வந்ததா, காய்ச்சல் எந்த நாள் ஆரம்பித்தது, என்ன குடிக்கிறது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, இவை போதும். டிங்கி என்றால் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து, வீட்டில் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள், அதனால் ஆரம்பித்த நாளை நன்றாகத் தோண்டிக் கேளுங்கள். "ஒண்ணுக்கு சரியா போகுதா" என்றால் சரி என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது டயப்பர் மாற்றினீர்கள், கையில் எடுத்தபோது கனமாக இருந்ததா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் மருந்து கொடுக்கப் போகும்போது, காய்ச்சல் பார்க்கும்போது, ராத்திரி யார் துணைக்கு இருக்கிறார்களோ அவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, விவரம் கிடைத்த நேரத்தையும் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.